உரிம மீத்தரவில் மின்னஞ்சல் முகவரி: வெளிப்பாடும் குறிமுறை மறைப்பும்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு ஒன்று கணிப்பொறிக் கோப்பாக வெளியிடப்படும்போது அதனுடன் மூன்று செய்திகள் செல்கின்றன. அதனை ஆக்கியவர் யார் என்பது முதலாவது. எந்த உரிமத்தின்கீழ் பிறர் அதனைப் படியெடுக்கலாம், திருத்தலாம் என்பது இரண்டாவது. ஐயமோ வேண்டுகோளோ எழுந்தால் யாரை எங்கே அணுகுவது என்பது மூன்றாவது. மெட்டாடேட்டா எனப் பரவலாக வழங்கும் மீத்தரவின் ஒரு பகுதியாகிய இதனை உரிம மீத்தரவு எனலாம். முதலிரு செய்திகளை வெளிப்படுத்துவதில் ஆக்கியோர்க்கு இழப்பு ஏதுமில்லை. மூன்றாவது செய்தி அத்தகையதன்று. மின்னஞ்சல் முகவரி ஒருவரைச் சுட்டுவதோடு நில்லாது, அவரிடம் நேரே செல்லும் வழியையும் திறந்துவிடுகின்றது. அவ்வழியே வருவோருள் உரியவரும் உண்டு; வேண்டாதவரும் உண்டு.

ஸ்பேம் எனப்படும் வேண்டா அஞ்சலை அனுப்புவோர், இணையத்தில் கிடைக்கும் கோப்புகளைத் தானியங்கு நிரல்களால் துருவி முகவரிகளைத் திரட்டுகின்றனர். அந்நிரல்களுக்குப் புலப்படாமலும் மாந்தருக்குப் புலப்படும் வகையிலும் முகவரியைக் குறிமுறையால் மாற்றி எழுதும் வழக்கம் இதன் எதிர்விளைவாகத் தோன்றியது. இம்மறைப்பு முறைகளின் இயல்பு, அவை தமிழில் எதிர்கொள்ளும் மொழியியற் சிக்கல், உரிமங்களும் இந்தியச் சட்டமும் அவற்றிற்குத் தரும் இடம் ஆகியவற்றை மும்பையோடு தொடர்புடைய சான்றுகளை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மும்பைச் சூழல்

இந்தியாவில் மின்னஞ்சலின் தொடக்க வரலாறு மும்பையோடு பிணைந்தது. 1986-87ஆம் ஆண்டுகளில் ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திற்கும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் இடையே தொலைபேசி வழி மின்னஞ்சல் பரிமாற்றம் நிகழ்ந்தது. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது மும்பையும் அதன் முதல் நகரங்களுள் ஒன்றாயிற்று. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் இந்திய வடிவம் 2007 சனவரி 26ஆம் நாள் இதே பவாய்க் கழகத்திலேயே வெளியிடப்பட்டது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழு, முக்தா மலர், பாலு தம்பி, அனெக் தமிழ் ஆகிய தமிழ் எழுத்துருக்களைத் திறந்த உரிமத்தில் வழங்கியுள்ளது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர், வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்குபவர். விளம்பரம், திரைப்படக் குரல் மாற்றம், மென்பொருள் தமிழாக்கம் ஆகியவற்றில் தனியராய்ப் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இச்சூழலில் எண்ணிக் கொள்வோம். அவருக்கு அலுவலகமில்லை, பெயர்ப்பலகையில்லை. மின்னஞ்சல் முகவரியே அவருடைய தொழில் அடையாளம். வங்கிக் கணக்கும் அதனோடு இணைந்திருத்தல் கூடும். அவர் ஊதியம் கருதாது தமிழாக்கிய ஒரு மென்பொருட் கோப்பில் அம்முகவரி இடம்பெறுமாயின், அது எத்தனை கணிப்பொறிகளுக்குச் செல்லும் என்பதனை அவர் பெரும்பாலும் அறியார்.

3. முகவரி இடம்பெறும் இடங்கள்

3.1 மொழிபெயர்ப்புக் கோப்புகள்: திறந்த மென்பொருள்களின் தமிழாக்கத்தில் பெரிதும் பயன்படுவது குனு கெட்டெக்ஸ்ட் கருவியின் பி.ஓ. கோப்பு. இதன் தலைப்பகுதி இரு கூறுகளாக அமைந்துள்ளது. முதற்கூறு குறிப்புரை வரிகள். மென்பொருளின் பெயர், உரிமம், முதல் மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, ஆண்டு ஆகியன இதில் அமையும். இரண்டாங்கூறு, வெற்றுச் சரத்தின் மொழிபெயர்ப்பாக வைக்கப்படும் புலங்கள். இறுதியாக மொழிபெயர்த்தவரின் பெயரும் முகவரியும், மொழிக்குழுவின் பெயரும் முகவரியும் இங்கே வரும். இவ்வேறுபாடு பயனுடையது. பி.ஓ. கோப்பு எந்திரம் படிக்கும் எம்.ஓ. கோப்பாக மாற்றப்படும்போது குறிப்புரை வரிகள் நீங்கிவிடுகின்றன. வெற்றுச் சரத்தின் கீழுள்ள புலங்கள் நீங்குவதில்லை. எனவே இறுதி மொழிபெயர்ப்பாளரின் முகவரி, அம்மென்பொருளின் தமிழாக்கத்தை நிறுவிக்கொள்ளும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் சென்று சேர்கின்றது.

3.2 எழுத்துருக்கள்: எழுத்துருக் கோப்பினுள் பெயர் அட்டவணை என ஒன்று உண்டு. அதில் 0 என்னும் எண்ணுடைய இடம் பதிப்புரிமை அறிவிப்புக்கும், 13 உரிம விளக்கத்திற்கும், 14 உரிமத்தின் இணைய முகவரிக்கும் உரியவை. எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் மாதிரி வாசகம், உரிமையாளரின் பெயரை அடுத்து இணைய முகவரியையோ மின்னஞ்சல் முகவரியையோ தருமாறு இடம் விட்டுள்ளது. எழுத்துருவைப் பொதிந்து வெளியிடும் ஒவ்வொருவரும் அவ்வறிவிப்பையும் உடன் வெளியிடுதல் வேண்டும்.

3.3 மின்னூல்கள்: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்பதிப்புகளின் தலைப்புப் பக்கத்தை மாற்றாது வைத்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவற்றைப் பரப்ப இசைவளிக்கின்றது. உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் அத்தலைப்பில் உள்ளன. 2013இல் தொடங்கிய பிரீதமிழ் ஈபுக்ஸ் வெளியிட்ட பல நூல்களின் முன்பக்கங்களில் ஆசிரியர், அட்டைப்படம் ஆக்கியவர், மின்னூலாக்கியவர் ஆகியோரின் மின்னஞ்சல் முகவரிகள் உரிமக் குறிப்போடு இடம்பெற்றுள்ளன.

இம்மூவகையிலும் பொதுவாக அமைந்த இயல்பு ஒன்று உண்டு. உரிமம் படியெடுத்தலை ஊக்குவிக்கின்றது. அறிவிப்பு படிதோறும் தொடர்தல் வேண்டும் என்கின்றது. ஆகவே உரிம மீத்தரவில் ஒருமுறை இட்ட முகவரியை மீண்டும் திரும்பப் பெற இயலாது. மூலக் கோப்பில் திருத்தினாலும், பழைய படிகளைக் காத்துவைக்கும் பதிப்பு மேலாண்மைக் களஞ்சியங்களில் அது நிலைத்திருக்கும்.

4. குறிமுறை மறைப்பின் வகைகள்

4.1 சொற்பெயர்ப்பு: சுழியத்துள் அமைந்த அகரம் போன்ற @ என்னும் குறியையும் புள்ளியையும் அவற்றின் பெயர்களால் எழுதுதல் இம்முறை. எளிமையே இதன் சிறப்பு. எவ்வகைக் கோப்பிலும் எழுதலாம். ஆயின் ஆங்கிலச் சொற்களால் எழுதிய வடிவங்களை மீட்டெடுக்கும் விதிகள் திரட்டும் நிரல்களில் நெடுங்காலமாகவே இடம்பெற்றுவிட்டன.

4.2 எண்ணுருக் குறிப்பு: எச்.டி.எம்.எல்., எக்ஸ்.எம்.எல். ஆகிய குறிமொழிகளில் எந்த எழுத்தையும் அதன் குறியெண்ணால் எழுதலாம். @ குறியின் எண் 64 ஆதலின் அதனை &#64; என எழுதினால் உலாவி அதனை மீண்டும் குறியாகவே காட்டும். தமிழ் அகரத்தை &#2949; என எழுதலாம். மாந்தர் காணும் பக்கத்தில் மாற்றம் ஏதுமில்லை; கோப்பின் மூலவடிவை மட்டும் தேடும் நிரலுக்கு முகவரியின் வடிவம் புலப்படாது. குறிமொழியை முறைப்படி பகுத்துப் படிக்கும் நிரலுக்கு இது தடையன்று.

வாஷிங்டனிலுள்ள மக்களாட்சி, தொழில்நுட்ப மையம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. புதிதாக உருவாக்கிய பல முகவரிகளைப் பல்வேறு இடங்களில் வெளியிட்டு ஆறு திங்கள் கவனித்ததில், வேண்டா அஞ்சலின் மிகப்பெரும் பகுதி இணையப் பக்கங்களில் வெளிப்படையாக இட்ட முகவரிகளுக்கே வந்தது. சொற்பெயர்ப்பாலும் எண்ணுருக் குறிப்பாலும் மறைத்த முகவரிகளுக்கு அவ்வாறு ஏதும் வரவில்லை. அன்றைய நிரல்களின் திறனுக்கு ஏற்ற முடிவு இது. உலாவியைப் போலவே பக்கத்தை விரித்துப் படிக்கும் நிரல்களும் மொழியமைப்பை உணரும் நிரல்களும் பெருகிவிட்ட இந்நாளில் அம்முடிவை அவ்வாறே ஏற்றல் பொருந்தாது.

4.3 மீளும் மாற்றம்: எழுத்துகளை ஒரு விதிப்படி வேறு எழுத்துகளாக மாற்றி, காட்டும் நேரத்தில் சிறு நிரல் ஒன்றால் மீட்டெடுத்தல் இவ்வகை. இருபத்தாறு உரோமன் எழுத்துகளில் ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் ராட்-13 இதற்குப் பழைய சான்று. இருமுறை செய்தால் மூலம் மீளும். எனினும் இம்மாற்றம் எழுத்துகளை மட்டும் மாற்றுமே அன்றி @ குறியையும் புள்ளியையும் தொடுவதில்லை. விளைவாக, மாறிய வடிவமும் முகவரி போலவே தோன்றும். திரட்டும் நிரல் ஒரு பொய் முகவரியைக் கொண்டு செல்லும்.

எக்ஸார் எனப்படும் இருமச் செயல் இக்குறையைத் தவிர்க்கின்றது. 64 என்னும் குறியெண்ணை 25 என்னும் திறவெண்ணோடு எக்ஸார் செய்தால் 89 கிடைக்கும்; 89ஐ மீண்டும் 25ஓடு எக்ஸார் செய்தால் 64 மீளும். முகவரியின் ஒவ்வோர் எழுத்தும் குறியும் இவ்வாறு மாற்றப்படுவதால் முகவரியின் தோற்றமே மறைந்துவிடுகின்றது. கிளவுட்பிளேர் நிறுவனம் இணையப் பக்கங்களில் முகவரிகளை மறைக்கக் கையாளும் முறை இத்தகையது. திறவெண்ணும் மறைந்த வடிவோடே அனுப்பப்படுவதால் இதனைப் பூட்டு என்று கூறுவதினும் திரை என்று கூறுதலே தகும். நிரல் இயங்காத இடத்தில் உரியவர்க்கும் முகவரி கிட்டாது என்பது இதன் மற்றொரு குறை.

4.4 மீளா மாற்றம்: ஹாஷ் எனப்படும் சுருக்கெண், எத்துணை நீண்ட சரத்தையும் குறித்த அளவுடைய ஒரு சரமாக மாற்றும், அதிலிருந்து மூலத்தைக் கணித்து மீட்க வழியில்லை. ஆட்களையும் அவர்தம் தொடர்புகளையும் விவரிக்க 2000ஆம் ஆண்டில் தோன்றிய ஃபோஃப் என்னும் மீத்தரவுச் சொற்றொகுதி, அஞ்சல் முகவரிக்குப் பதிலாக அதன் ஷா-1 சுருக்கெண்ணை எழுத ஒரு தனிப் புலத்தைத் தந்தது. அது நாற்பது பதினறும இலக்கங்களால் ஆயது. இதனைக் கண்டு எவரும் அஞ்சல் அனுப்ப இயலாது. ஆனால் ஒருவர் தம் முகவரியைக் கூறி இவ்வாக்கம் தமதே என்று உரிமை கோரினால், அம்முகவரியின் சுருக்கெண்ணைக் கணித்து ஒப்பிட்டு உண்மையை அறியலாம். அடையாளத்தையும் அணுகும் வழியையும் வேறு பிரித்தது இம்முறையின் சிறப்பாகும். இதற்கும் எல்லையுண்டு. முகவரிகளின் பெரும்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொன்றின் சுருக்கெண்ணையும் கணித்துப் பார்த்துப் பொருந்துவதைக் கண்டறிதல் கூடும்.

5. தமிழ் எழுத்தில் மறைத்தல்: மொழியியல் நோக்கு

முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் திரட்டும் நிரல்களிடமிருந்து தப்பலாம் என்னும் கருத்து எழுதல் இயல்பே. நன்னூல் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாகக் கூறும் குழூஉக்குறியோடு இதனை ஒப்பிடலாம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்குவதாக உரையாசிரியர்கள் காட்டுவர். அக்குழுவினர்க்குத் தெளிவாகவும் பிறர்க்கு மறைவாகவும் இருத்தலே குழூஉக்குறியின் பயன். குழுவின் எல்லையே மறைப்பின் எல்லை. தமிழில் எழுதிய முகவரி தமிழறிந்தோர்க்குத் தெளிவாகும்; மும்பையிலுள்ள மராத்தி எழுத்துரு வல்லுநர்க்கோ அயல்நாட்டு மென்பொருட் பொறுப்பாளர்க்கோ விளங்காது. உரிமம் பற்றி வினவ வேண்டியவர் பெரும்பாலும் இத்தகையோரே.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. குறிமுறை என்பது ஒன்றுக்கு ஒன்றாய் அமைந்து மீளத்தக்கதாய் இருத்தல் வேண்டும். தமிழ் எழுத்துமுறை வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பில் வேறுபாட்டைத் தனி எழுத்தால் காட்டுவதில்லை. இடத்தால் அறிய விடுகின்றது. கந்தன் என்னும் பெயரை எடுத்துக்கொண்டால், முதல் ககரத்திற்கு இரண்டு உரோமன் எழுத்துகள் வழக்கில் உள்ளன. இடையிலுள்ள தகரத்தை மூவகையாக எழுதுகின்றனர். இவ்விரண்டாலேயே ஆறு வடிவங்கள் பிறக்கின்றன. நெடில்களை இரட்டித்தல், ஈற்றில் வரும் இகரத்தை இருவகையாக எழுதுதல் ஆகியவை சேரும் பெயர்களில் இவ்வெண் மேலும் பெருகும். மின்னஞ்சல் முகவரியில் ஓரெழுத்து பிழைப்பினும் அஞ்சல் சேராது. பிறர் ஒருவர்க்குச் சேர்தலும் கூடும். எனவே உரோமன் முகவரியைத் தமிழெழுத்தில் எழுதுதல் மறைப்பு ஆகாது, செய்தியிழப்பே ஆகும்.

தமிழெழுத்துகளையே இடந்தள்ளி எழுதுதலும் எளிதன்று. ஒருங்குறியில் ககரத்தின் எண் 2965. ஙகரத்தின் எண் 2969. ஏனைய இந்திய மொழிகளோடு ஒத்த வரிசை பேணப்பட்டதால் இடைப்பட்ட மூன்று எண்கள் தமிழில் வெற்றிடமாக உள்ளன. ககரத்தோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது எழுத்தன்று, வெற்றிடமே. மேலும் உயிர்மெய்க் குறிகள் தனிக் குறியெண் உடையனவாதலின், எண்ணைத் தள்ளும்போது மெய்யின்றிக் குறி மட்டும் நிற்றலும் நேரும். ஆதலின் தமிழ் முகவரிகளுக்கும் எண்ணுருக் குறிப்பு, எக்ஸார் ஆகிய முறைகளே ஏற்றவை. தமிழெழுத்தாலாகிய மின்னஞ்சல் முகவரிக்கு இணையத் தரநிலை 2012இல் இடமளித்துள்ளமையின் இதுவும் கருதற்குரியதே.

6. உரிமங்களும் சட்டமும்

2007 பிப்ரவரி 26ஆம் நாளிட்ட எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1ஆம் பதிப்பு, பதிப்புரிமை அறிவிப்பைத் தனிக்கோப்பிலோ மீத்தரவுப் புலத்திலோ வைக்கலாம் என்கின்றது. ஆனால் அப்புலம் பயனர் எளிதில் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கின்றது. அறிவிப்பு முழுவதையும் குறிமுறையாக்குதல் இதனோடு முரணும். பெயரையும் ஆண்டையும் வெளிப்படையாக விடுத்து முகவரியை மட்டும் மறைத்தலே பொருத்தமாகும்.

2013இல் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமம், ஆக்கியோர் குறிப்பிட்ட நியாயமான வடிவில், புனைபெயராயினும், அவரைச் சுட்டுமாறு கூறுகின்றது. அவர் வேண்டினால், இயன்ற அளவு அச்செய்தியை நீக்குதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. மின்னஞ்சல் முகவரி இன்றியமையாதது என அது கூறவில்லை. ஆகவே பெயரைச் சுட்டுதலும் முகவரியை வெளியிடுதலும் ஒன்றல்ல என்பதனை மொழிபெயர்ப்பாளர் உணர்தல் வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமை மேலாண்மைச் செய்தி என்னும் கருத்தை ஏற்றது. ஆக்கத்தின் தலைப்பு, ஆசிரியர் பெயர், உரிமையாளரின் பெயரும் முகவரியும், பயன்பாட்டு நிபந்தனைகள் ஆகியவற்றோடு, இவற்றைக் குறிக்கும் எண்ணும் குறியீடும் அவ்வரையறையுள் அடங்கும். குறிமுறையாக எழுதிய முகவரியும் இவ்வாசகத்திற்கு உட்படும் எனக் கருத இடமுண்டு. அதிகாரமின்றி இச்செய்தியை அறிந்தே நீக்குவோர்க்கும் மாற்றுவோர்க்கும் 65பி பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கின்றது. இதன் பயன் இருவகை. உரிமையாளர் தம் முகவரியைத் தாமே குறிமுறையாக்கலாம். ஆனால் மறுவெளியீடு செய்வோர், நல்லெண்ணத்தாலேயே ஆயினும், பிறர் முகவரியை அவரது இசைவின்றி நீக்குதல் தகாது. முன்னரே இசைவு பெறுதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்தக்கது. தனிநபர் தாமே பொதுவெளியில் வைத்த, அல்லது வைக்கச் செய்த தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பது அதன் 3ஆம் பிரிவு. மொழிபெயர்ப்பாளர் தம் முகவரியை உரிம மீத்தரவில் தாமே எழுதியிருப்பின், அதனைத் திரட்டினார் மீது இச்சட்டத்தின் துணையை நாடுதல் அரிதாகும். சட்டம் காக்காத இடத்தில் முன்னெச்சரிக்கையே காப்பு.

7. செயன்முறைப் பரிந்துரைகள்

மறைப்பு மிகுந்தால் வேறொரு கேடு விளையும். உரிமையாளரை அணுக இயலாத ஆக்கம் ஏதிலி ஆக்கமாகின்றது. உரிமத்தை மாற்றவோ, பிழை திருத்தவோ, புதிய பயன்பாட்டிற்கு இசைவு பெறவோ வழியின்றிப் போகின்றது. வேண்டா அஞ்சலுக்கு அஞ்சி ஆக்கியோர் தொடர்பையே அறுத்துக்கொள்ளுதல் அவருக்கும் மொழிக்கும் இழப்பு. இவ்விரண்டிற்கும் இடைநிலையில் பின்வருவன கொள்ளத்தக்கவை.

முதலாவது, தனிநபர் முகவரிக்கு மாற்றாகக் குழு முகவரி. தமிழ் அஞ்சல் வழக்கில் மே/பா என்னும் குறிப்பு நெடுங்காலமாக உண்டு. இருப்பிடம் நிலையற்றவர் ஒரு சங்கத்தின் அல்லது கடையின் மேல்பார்வையில் மடல் பெறுவர். பி.ஓ. கோப்பின் மொழிக்குழுப் புலம் அவ்வகையினதே. அனெக் தமிழின் பதிப்புரிமை வரியும் வடிவமைப்பாளர் எவருடைய அஞ்சல் முகவரியையும் தாராது, அனெக் திட்ட ஆசிரியர்கள் என்றும் மூலக்கோப்புகள் உள்ள இணைய இடம் இதுவென்றும் குறிக்கின்றது. ஆள் மாறினும் முகவரி மாறாது என்பது இதன் கூடுதல் நன்மை.

இரண்டாவது, நிலையான அடையாள எண். ஆய்வாளர்க்கு 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் என்னும் பதினாறு இலக்க எண், பெயரோடு சேர்த்து எழுதத்தக்கது. முகவரியை அவ்வெண்ணின் பக்கத்தில் காட்டுவதோ மறைப்பதோ உரியவரின் விருப்பம். பின்னர் மாற்றிக்கொள்ளவும் இயலும்.

மூன்றாவது, கோப்பின் வகைக்கேற்ற குறிமுறை. எண்ணுருக் குறிப்பு இணையப் பக்கத்திலும் மின்னூலின் உள்வடிவிலும் பயன்படும். வெற்றுரையாகிய பி.ஓ. கோப்பிலும் எழுத்துருவின் பெயர் அட்டவணையிலும் அது மாறாது அப்படியே தோன்றிப் படிப்போரை மயக்கும். அங்குச் சொற்பெயர்ப்போ இணையப் பக்க முகவரியோ ஏற்றது.

நான்காவது, வெளியீட்டாளரின் கடமை. கோப்பை வெளியிடுமுன், எப்புலத்தில் எம்முகவரி இடம்பெறும், அது எங்கெல்லாம் செல்லும் என்பதனை மொழிபெயர்ப்பாளர்க்குத் தெரிவித்து அவரது தேர்வைக் கேட்டறிதல் வேண்டும். சுருக்கெண் கையாளப்படுமாயின் மூல முகவரியைக் குழுவின் பொறுப்பில் தனியே காத்துவைத்தலும் வேண்டும்.

8. முடிவுரை

உரிம மீத்தரவிலுள்ள மின்னஞ்சல் முகவரி, ஆக்கியோரை அடையாளங்காட்டுதல், அவரை அணுகச் செய்தல் ஆகிய இரு பணிகளை ஒருங்கே ஆற்றுகின்றது. குறிமுறை மறைப்பு இவ்விரண்டையும் பிரித்தறியாத நிலையில் தோன்றிய தற்காப்பு. அதன் வகைகள் திரட்டும் நிரலைச் சிறிது காலம் தடுத்து நிறுத்துமேயன்றி முற்றிலும் விலக்கமாட்டா. தமிழெழுத்தில் எழுதுதல் தமிழர்க்கு எளிதாகத் தோன்றினும், எழுத்துமுறையின் இயல்பால் மீளாத மாற்றமாகிவிடுகின்றது. அடையாளத்தைப் பெயராலும் நிலையான எண்ணாலும் காட்டி, அணுகும் வழியைக் குழுவின் முகவரியால் திறந்துவைத்தலே நிலைத்த தீர்வு. அச்சு நூலின் தலைப்புப் பக்கத்தில் தம் பெயர் எவ்வாறு அமைய வேண்டும் எனக் கருத்துச் செலுத்தும் மொழிபெயர்ப்பாளர், கண்ணுக்குத் தோன்றாத மீத்தரவிலும் அதே கருத்தைச் செலுத்துதல் வேண்டும். படியெடுக்கப்படும் காலமெல்லாம் ஆக்கத்தோடு செல்வது அதுவே.